கல்பனா ஏறிய படிகளும் கொடைக்கானல் மலைப்பாதையும்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று சென்னைக் கோட்டையில் கொடியேற்றியபின் முதலமைச்சர் வழங்கும் விருதுகளுள் ஒன்று கல்பனா சாவ்லாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. துணிவுக்கும் சாகசச் செயலுக்குமான விருது அது. பெரம்பலூர் மாவட்டத்தில் நீரில் மூழ்கிக்கொண்டிருந்த இளைஞர்களைத் தம் சேலைகளை அவிழ்த்து வீசிக் கரைசேர்த்த மூன்று பெண்கள் 2020இல் அதனைப் பெற்றனர். வயநாட்டு நிலச்சரிவின்போது கம்பியில் தொங்கியபடி ஆற்றைக் கடந்து சென்று மருத்துவம் பார்த்த நீலகிரிச் செவிலியர் சபீனா 2024இல் பெற்றார். அரியானாவில் பிறந்து அமெரிக்காவிலிருந்து விண்ணுக்குச் சென்ற ஒருவரின் பெயர், சேலையை வீசிய கிராமத்துப் பெண்களின் கழுத்தில் பதக்கமாகத் தொங்குவது நமக்கு உவப்பானதே.

ஆயினும் ஒன்றைக் கவனிக்கிறோம். இந்நாட்டில் கல்பனாவின் பெயர் துணிவு என்னும் ஒற்றைச் சொல்லாகச் சுருக்கப்பட்டுவிட்டது. பள்ளி ஆண்டு விழாக்களிலும் தன்னம்பிக்கைச் சொற்பொழிவுகளிலும் அவர் கனவு கண்டார், கண்ட கனவை எட்டினார் என்பதோடு கதை முடிகிறது. அவர் நுழைந்த கதவு எப்போது, யாரால், எந்த விதியைத் திருத்தித் திறக்கப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. கனவு காண்பதற்குச் சேரியிலும் மலைக்குடியிருப்பிலும் பஞ்சமில்லை, பஞ்சம் கதவுகளுக்குத்தான். ஆகவே அவருடைய வாழ்க்கையைக் கதவுகளின் வரலாறாகப் படிப்பதே நமக்குப் பயன்படும். அவ்வாறு படிப்பதற்குக் கொடைக்கானல் பொருத்தமான இடம். ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

கல்பனா 1962 மார்ச் 17 அன்று கர்னாலில் பிறந்தார். பள்ளித் தேர்வெழுத வயது போதவில்லை என்பதற்காக அவருடைய பிறந்த நாள் ஆவணங்களில் 1961 சூலை 1 ஆக்கப்பட்டது. பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து பெயர்ந்து வந்து, வெறுங்கையோடு தொடங்கி, டயர்த் தொழிலில் நிலைபெற்ற குடும்பம் அவருடையது. அகதி வாழ்வின் இழப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அகதியாக வந்த வணிகச் சமூகம் ஒரு தலைமுறைக்குள் தொழிற்கூடம் எழுப்ப முடிந்ததையும், அதே கர்னாலைச் சுற்றிய வயல்களில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை செய்த தலித்துகளுக்கு அது இயலாமற் போனதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சாதி அவரைத் தடுக்கவில்லை, பால் தடுத்தது. சண்டிகரில் உள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் வேண்டும் என்று கேட்ட பெண்ணுக்கு, வேறு பிரிவை எடுத்துக்கொள் என்பதே அறிவுரையாகக் கிடைத்தது. 1982இல் பட்டம் பெற்றார். டெக்சாஸில் முதுநிலையும், 1988இல் கொலராடோவில் முனைவர் பட்டமும் முடித்து, அதே ஆண்டில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் சேர்ந்தார். 1994 இறுதியில் விண்வெளி வீரராகத் தேர்வானார். 2001 கணக்கெடுப்பில் அரியானாவில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 819 பெண் குழந்தைகளே இருந்தனர். அவர் எந்த மண்ணிலிருந்து எழுந்தார் என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

இப்போது கதவுக்கு வருவோம். 1959இல் அமெரிக்கா தன் முதல் விண்வெளி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, படையில் பணிபுரியும் சோதனை விமானிகளே விண்ணப்பிக்கலாம் என்று விதி வகுத்தது. அவ்விதியில் ‘பெண்கள் கூடாது’ என்று ஒரு சொல்கூட இல்லை. ஆனால் படை விமானிப் பயிற்சி அன்று பெண்களுக்கு மூடப்பட்டிருந்தது. எனவே எழுதாமலேயே தடை நிறைவேறியது. எழுதாத தடை எப்படி வேலை செய்யும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1962 சூலையில் ஜெர்ரி காப் என்ற பெண் விமானி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சென்று முறையிட்டார். அங்கே சாட்சியம் அளித்த ஜான் கிளென், இத்துறையில் பெண்கள் இல்லாதிருப்பது நம் சமூக ஒழுங்கின் ஓர் உண்மை என்ற பொருளில் பேசினார். சமூக ஒழுங்கு! அச்சொல்லைக் கேட்டால் நமக்கு வேறு பல நினைவுக்கு வருகின்றன. அடுத்த ஆண்டு சூன் மாதத்தில் சோவியத் ஒன்றியத்தின் ஆலைத் தொழிலாளி வலந்தீனா தெரஷ்கோவா ஏறத்தாழ மூன்று நாள்கள் தனியாகப் பூமியை 48 முறை சுற்றிவந்தார். அவர் விமானி அல்லர். பாராசூட்டில் குதிக்கப் பழகியவர். தந்தை டிராக்டர் ஓட்டியவர், தாய் துணியாலையில் உழைத்தவர். பொதுவுடைமை நாட்டையும் நாம் புனிதப்படுத்த வேண்டியதில்லை: அவருக்குப் பின் அடுத்த சோவியத் பெண் விண்ணேற 19 ஆண்டுகள் ஆயின.

நிறத்தின் கதையும் அதுவே. எட் டுவைட் என்ற கறுப்பின விமானி 1960களின் தொடக்கத்தில் அதே சோதனை விமானிப் பயிற்சியை முடித்தார். நாசா அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2024இல், தம் 90ஆம் வயதில், ஒரு தனியார் ஓடத்தில் சில நிமிடங்கள் விண்ணைத் தொட்டு வந்தார்.

விதி தானாக மாறவில்லை. நாசாவின் சமவாய்ப்புப் பிரிவில் உயர்பொறுப்பு வகித்த ரூத் பேட்ஸ் ஹாரிஸ் என்ற கறுப்பினப் பெண் 1973இல் தம் சக அலுவலர் இருவரோடு சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினார். நாசா இதுவரை விண்ணுக்கு அனுப்பிய பெண்பாலர் மூவர். அவர்களுள் இருவர் சிலந்திகள், ஒன்று குரங்கு என்று அது சுட்டிக்காட்டியது. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். எதிர்ப்பு எழுந்தபின் மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். விண்ணோடம் வந்தபோது ‘பணி வல்லுநர்’ என்னும் புதிய வகை உருவாக்கப்பட்டது: ஓட்டத் தெரிய வேண்டியதில்லை, அறிவியலோ பொறியியலோ மருத்துவமோ கற்றிருந்தால் போதும். 1978இல் அறிவிக்கப்பட்ட 35 பேரில் பெண்கள் ஆறு பேர், கறுப்பினத்தவர் மூவர். 1983இல் சாலி ரைட் பறந்தார். 1992இல் மே ஜெமிசன் முதல் கறுப்பினப் பெண்ணாக ஏறினார். கல்பனா தேர்வானது அதே ‘பணி வல்லுநர்’ கதவின் வழியாகத்தான். அக்கதவில் ரூத் ஹாரிஸின் கைரேகை இருக்கிறது.

1997 நவம்பர் 19 அன்று கொலம்பியா ஓடத்தில் கல்பனா முதன்முறை பறந்தார். அப்பயணத்தில் நேர்ந்த ஒன்றைப் பாராட்டுரைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. நமக்கு அதுவே முக்கியம். ஸ்பார்ட்டன் என்னும் சிறு செயற்கைக்கோளை இயந்திரக் கையால் எடுத்து வெளியில் விடுவது அவருடைய வேலை. சூரியனைச் சூழ்ந்துள்ள ஒளிவளையத்தை ஆராய்வதற்கான கோள் அது. விட்ட பின் அது எதிர்பார்த்தபடி திரும்பவில்லை. மீண்டும் பிடிக்க முயன்றபோது சுழலத் தொடங்கிவிட்டது. சில நாள்களுக்குப் பின் வின்ஸ்டன் ஸ்காட்டும் தகாவோ தோயும் விண்வெளியில் இறங்கிக் கையாலேயே அதைப் பிடித்தனர். அதுவரையிலும் அதற்குப் பின்னரும் விரல்கள் கல்பனாவை நோக்கியே நீண்டன: முதல் பயணம், வெளிநாட்டில் பிறந்தவர், பெண். ஐந்து மாத விசாரணைக்குப் பின், மென்பொருள் இடைமுகத்திலும், ஓடத்தினருக்கும் தரைக் கட்டுப்பாட்டுக்கும் வகுக்கப்பட்ட நடைமுறைகளிலும் பிழைகள் இருந்தன என்று நாசாவே கண்டறிந்தது. அவர்மீது குற்றமில்லை என்றாயிற்று. (அதே கோள் 1998இல் மீண்டும் பறந்து செவ்வனே வேலை செய்தது. அப்பயணத்தில் உடன் சென்றவர், ‘சமூக ஒழுங்கு’ பேசிய ஜான் கிளென். வரலாறு சிலவேளை இப்படியும் சிரிக்கும்.)

ஒரு நிறுவனத்தில் புதிதாக நுழைந்த, அங்கு வழக்கமாக இல்லாத ஒருவர் கையில் இருக்கும்போது இயந்திரம் பிசகினால், இயந்திரத்தை எவரும் முதலில் சோதிப்பதில்லை. ஐ.ஐ.டி. ஆய்வகத்திலும் மருத்துவக் கல்லூரி விடுதியிலும் இடஒதுக்கீட்டில் வந்த மாணவர்கள் இதனை நாள்தோறும் அறிகிறார்கள். மற்றவர் தவறினால் அது தவறு. இவர் தவறினால் அது இவருடைய பிறப்பு. கல்பனாவுக்கு ஐந்து மாத விசாரணை கிடைத்தது. அவ்விசாரணை நடைமுறையைக் குற்றஞ்சாட்டும் துணிவு பெற்றிருந்தது. அவர் இரண்டாம் முறையும் பறந்தார். நம் மாணவர்களுக்கு இம்மூன்றில் ஒன்றுகூடக் கிடைப்பது அரிது.

இரண்டாம் பயணத்தின் முடிவை அனைவரும் அறிவர். 2003 சனவரி 16 அன்று ஏவப்பட்டபோது 82ஆம் நொடியில் வெளித்தொட்டியின் நுரைத்துண்டு பெயர்ந்து இடது இறக்கையைத் தாக்கியது. பிப்ரவரி 1 அன்று வளிமண்டலத்துள் நுழைகையில் கொலம்பியா சிதைந்தது, எழுவரும் மாண்டனர். ஆகஸ்டில் வெளிவந்த விசாரணை வாரிய அறிக்கை, நுரைத்துண்டுக்கு நிகரான காரணம் நாசாவின் நிறுவனப் பண்பாடு என்று தீர்ப்பளித்தது. சேதத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று கீழ்நிலைப் பொறியாளர்கள் கேட்டார்கள். கேட்டது மேலே ஏறவில்லை. கீழிருப்பவன் சொல் மேலே ஏறாத ஏற்பாடு உலகின் மிகச் சிறந்த தொழில்நுட்பத்தையும் கொன்றுவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றில்லை. சாதியை ‘சமூகத்தின் பிரச்சினை’ என்று ஒதுக்கிவைத்து, அறிவியல் நிறுவனங்கள் அதற்கு அப்பாற்பட்டவை என்று நம்புவோர் அவ்வறிக்கையைப் படிக்கலாம்.

இனிக் கொடைக்கானல். கல்பனா விண்ணில் விட்ட ஸ்பார்ட்டன் எதைப் பார்க்கச் சென்றதோ, அந்தச் சூரியனை 1901 முதல் பார்த்துவரும் ஆய்வகம் பழனி மலையின் உச்சியில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1904 முதல் அங்கே எடுக்கப்பட்டுவரும் சூரியப் படங்களின் தொடர்ச்சி உலகில் மிகச் சிலவற்றுக்கே வாய்த்தது. சூரியப்புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டதும் இங்குதான். ஆனால் அந்த ஆய்வகம் ஏன் பிறந்தது? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், சூரியனின் மாற்றத்துக்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்புண்டா என்று அறிய ஆங்கில அரசு விரும்பியது. அப்பஞ்சத்தில் நிவாரண வேலைத்தளங்களில் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கும் ஓர் அணாவுக்கும் கல்லுடைத்தவர்கள் யார்? நிலமற்ற கூலிகள், அவர்களுள் பெருந்தொகையினர் அன்றைய ‘பஞ்சமர்’. இலட்சக்கணக்கில் அவர்கள் மாண்டபின் அரசு சூரியனை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பியது. தானியக் கிடங்கையும் நில உடைமையையும் நோக்கித் திருப்பவில்லை. செங்கற்பட்டுப் பறையர்களின் நிலைமை குறித்து டிரெமென்ஹீர் எழுதிய குறிப்பும் 1892இன் பஞ்சமி நில ஆணையும் வந்தன. அந்நிலங்கள் பின்னர் எங்கே போயின என்பது வேறு கட்டுரை.

அறிவியல் வீண் என்று நாம் சொல்லவில்லை. மலையுச்சியின் அந்த வெள்ளைக் குவிமாடம் நம் முன்னோரின் பசியின்மேலும் நிற்கிறது. எனவே அது நமக்கும் உரியது என்கிறோம். அங்கு மோட்டார் சாலை ஏறாத நாளில் தொலைநோக்கியின் உதிரிபாகங்கள் ஆட்களின் தோளிலும் கால்நடைகளின் முதுகிலும்தான் ஏறியிருக்க முடியும். துரைமார்களும் சீமாட்டிகளும் பெரியகுளம் பக்கமிருந்து நாற்காலியில் சுமந்து ஏற்றப்பட்டனர். சுமந்தவர்களின் பெயர்கள் ஆய்வகக் குறிப்பேடுகளில் இல்லை.

அம்மலையில் ஒரு பெண்ணும் வானைப் பார்த்தார். எவர்ஷெட்டின் மனைவி மேரி ஆர், 1907 முதல் 1923 வரை கொடைக்கானலில் வாழ்ந்தவர். சூரியப் பிழம்புகளைப் பற்றித் தாமே ஆய்வுக்கட்டுரை எழுதினார். 1917இல் கணவரோடு சேர்ந்து பெரும் ஆய்வேடு ஒன்றையும் வெளியிட்டார். இலண்டன் அரச வானியல் கழகம் 1916 வரை பெண்களை முறையான உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவே இல்லை. இயக்குநர் பதவியும் புகழும் கணவருக்கு. ஆனால் மேரிக்கு ஒன்று இருந்தது: குவிமாடத்துக்குள் நுழையும் உரிமை. அது வெள்ளைத் தோலோடும் திருமணத்தோடும் வந்தது. அதே மலையில் அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே வாழ்ந்த பளியர் வீட்டுப் பெண்ணுக்கோ, புலையர் வீட்டுப் பெண்ணுக்கோ அது எந்த வழியிலும் வரவில்லை.

இன்று வந்திருக்கிறதா? கொடைக்கானலில் 1901இல் அமெரிக்க மறைப்பணியாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட பள்ளி இன்று உலகப் புகழ்பெற்ற பன்னாட்டுப் பள்ளி. 1984இல் நிறுவப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் அதே ஊரில் இருக்கிறது. சூரிய ஆய்வகமும் பெண்கள் பல்கலைக்கழகமும் ஒரே மலையில் அமைந்த இடம் நாமறிந்தவரை தமிழ்நாட்டில் வேறில்லை. இவற்றுக்குக் கீழே, அண்மைக்காலம் வரை மோட்டார் சாலை எட்டாமல் நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிவந்த வெள்ளகவி போன்ற ஊர்கள். பளியர் குடியிருப்புப் பெண் ஒருத்தி கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் முதலில் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து பழங்குடிச் சான்றிதழ் வர வேண்டும். அதற்காக நடந்து நடந்து படிப்பையே விட்ட பிள்ளைகளை இயக்கத் தோழர்கள் அறிவார்கள். பழனி மலைப் புலையர்களோ தம்மைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கோரி நெடுங்காலமாகப் போராடுகிறார்கள். விண்வெளி வீரருக்கான தகுதி விதி 1959இல் செய்த வேலையை இங்கே ஒரு சான்றிதழ் செய்கிறது.

நாட்டளவில் பார்த்தால் விதியின் முகம் இன்னும் தெளிவாகத் தெரியும். 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் ககன்யான் திட்டத்துக்கான நால்வர் அறிவிக்கப்பட்டனர். நால்வரும் ஆண்கள், நால்வரும் வான்படைச் சோதனை விமானிகள். அவர்களுள் சுபான்ஷு சுக்லா 2025 சூன் 25 அன்று புறப்பட்டு, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கித் திரும்பினார், நாடே கொண்டாடியது. அவர்களுடைய திறமையில் நமக்கு ஐயமில்லை. அவர்களின் சாதியை ஆராய்வதும் நம் வேலையன்று. நாம் கேட்பது விதியைப் பற்றி. அமெரிக்கா 1978இல் கைவிட்ட வாயிற்காவலை இந்தியா அப்படியே எடுத்து வைத்துக்கொண்டது. இந்திய வான்படை போர்விமானிகளாகப் பெண்களைச் சேர்த்ததே 2016இல்தான். சோதனை விமானியாவதற்கு அதன்பின் பல ஆண்டுப் பறப்பு அனுபவம் வேண்டும். ஆகவே பெண்கள் இல்லை என்பது தற்செயல் அன்று, கணக்கு. முப்படை அதிகாரிகள் தேர்வில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு கிடையாது. ஆகவே இரண்டாம் வடிகட்டியும் அதே வாயிலில் இருக்கிறது. தலித் பெண் இரண்டிலும் விழுகிறாள். சோதனை விமானி என்பது விண்கலம் செலுத்தத் தேவை என்ற வாதத்தை முதல் ஒன்றிரண்டு பறத்தலுக்கு ஒப்புக்கொள்ளலாம். நிரந்தர விதியாக ஒப்புக்கொள்ள முடியாது.

இதற்கிடையே 2020இல் இஸ்ரோ ‘வியோமித்ரா’வை அறிமுகம் செய்தது. ஆளில்லாச் சோதனைப் பறத்தலில் அனுப்புவதற்கென உருவாக்கப்பட்ட, பெண் உருவம் கொண்ட எந்திரம். ரூத் ஹாரிஸின் அறிக்கையில் இரண்டு சிலந்தியும் ஒரு குரங்கும் இருந்தன. நம் கணக்கில் ஒரு பொம்மை.

அறிவியல் பதவிகளிலும் நிலை வேறன்று. மைய அரசுப் பணியில் முதல்நிலைப் பிரிவின் அடிப்படியைத் தாண்டிய, ஆராய்ச்சியை நடத்தும் அல்லது நெறிப்படுத்தும் அறிவியல், தொழில்நுட்பப் பதவிகளை இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கிக்கொள்ள விதி இடமளிக்கிறது. ஆசிரியர் பணியிட ஒதுக்கீட்டுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டமும், விண்வெளித் துறையின் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் உள்ளிட்ட சில நிறுவனங்களைத் தன் அட்டவணையில் வைத்து விலக்கு அளித்திருக்கிறது. ‘சிறப்பு நிறுவனங்கள்’ என்பது அவ்விலக்குக்குச் சொல்லப்படும் காரணம். சிறப்பும் நாமும் ஓரிடத்தில் இருக்க இயலாது என்று சட்டமே எழுதிவைத்திருப்பதன் பொருளை இதைவிட நாகரிகமாகச் சொல்ல நமக்குத் தெரியவில்லை.

கதவு திறந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்த நிகர் ஷாஜி ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநரானார். 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்டு 2024 சனவரி 6 அன்று தன் இடத்தை அடைந்த அந்தக் கலத்தின் முதன்மைக் கருவி சூரியனின் ஒளிவளையத்தைப் பார்க்கிறது. அதனைச் செய்தது, கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான்இயற்பியல் நிறுவனமேதான். கல்பனா 1997இல் கையாண்ட அதே ஆய்வுப்பொருள். இங்கே அரசுப் பள்ளி என்பது ஒரு கதவு. பாராட்டு விழாக்களில் நாம் அப்பள்ளியைத்தான் முதலில் குறிப்பிட வேண்டும்.

கல்பனா தம் முதல் பயணத்துக்குப் பின் ஒரு காரியம் செய்தார். தாம் படித்த கர்னால் பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் மாணவியரை நாசாவுக்கு வரவழைக்க ஏற்பாடு செய்தார். நுழைந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பண்பு அது; அம்பேத்கர் நம்மிடம் எதிர்பார்த்ததும் அதுவே. ஆனால் தனிமனிதரின் நன்றியுணர்வு ஒரு பள்ளியைத்தான் எட்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளையும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளையும் அரசுதான் எட்ட வேண்டும்.

ஆகவே மாணவர் அமைப்புகள் கையில் எடுக்கத்தக்க சிலவற்றைச் சொல்கிறோம். ஆகஸ்ட் 15 விருதின் பெயரில் தமிழ்நாடு அரசு ஓர் உதவித்தொகையையும் உருவாக்க வேண்டும்: விடுதிகளிலிருந்தும் உறைவிடப் பள்ளிகளிலிருந்தும் வானூர்திப் பொறியியலுக்கும் விமானிப் பயிற்சிக்கும் செல்லும் தலித், பழங்குடிப் பெண்களின் முழுச் செலவையும் ஏற்பதாக அது இருக்க வேண்டும். திருவனந்தபுரம் விண்வெளிக் கல்வி நிறுவனத்துக்கான சேர்க்கை ஜே.இ.இ. உயர்நிலைத் தேர்வின் வழியாக நடப்பதால், அதற்கான பயிற்சி பதினொன்றாம் வகுப்பிலிருந்தே விடுதிக்குள் வர வேண்டும். மகளிர் பல்கலைக்கழகமும் சூரிய ஆய்வகமும் சேர்ந்து, பழனி மலைக் குடியிருப்புகளின் பெண்களுக்கு முன்னுரிமை தரும் ஆய்வுப் பயிற்சியிடங்களைத் தொடங்குவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. இரண்டு கையொப்பங்கள் போதும். கொடைக்கானல் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நிலுவையிலுள்ள பழங்குடிச் சான்றிதழ் மனுக்கள் எத்தனை, எவ்வளவு காலமாக என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மாணவரே கேட்டுப் பெறலாம். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் நீளமானதன்று: அடுத்த விண்வெளி வீரர் குழுவுக்கான தகுதி விதியில் ‘சோதனை விமானி’ என்னும் சொல் இருக்குமா, இராதா?